அரை விரற்கடைத் துவாரம்

“கத்தி வைக்க வேண்டும்” என்று டாக்டர் சொல்லிவிட்டால் நம்முடைய குடும்பங்களில் என்னென்ன நடக்கும் என்பதை நேயர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. முதலில் அந்த டாக்டருடைய யோக்கியதாம்சங்கள் விசாரணைக்கு வரும். பிறகு பஞ்சாங்கம் வரும். அதற்குப் பிறகு, வியாதி இன்னதென்று கேட்பதற்கு முன்னாலேயே, வீட்டுப் பாட்டி ஒரு கேள்வி கேட்பாள்: “எவ்வளவு நீளம் கிழிப்பார்களாம்?”

பாட்டியின் கேள்வியைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். சென்ற முப்பத்தைந்து, நாற்பது வருஷ காலமாக உலகத்து ரண வைத்தியர்கள் எல்லோரும் விடை தேடிக் கொண்டிருப்பது அந்தக் கேள்விக்குத்தான்.

பித்தப்பையை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். அது ஒரு சிறு கத்தரிக்காய் அளவுள்ள பை. அதில் கல் விழுந்து வலி பொறுக்க முடியாமற் போனால், பையையே எடுத்துவிட வேண்டும். முன்காலத்தில் இதற்காக வலது விலாவின் கீழே அரைச் சாணுக்கு மேல் கிழிப்பது வழக்கம். பை சிறியது, அதை அறுக்கிற இடமோ இன்னும் சிறியது. அப்படியிருக்க இவ்வளவு பெரிய காயம் எதற்கு? டாக்டருடைய இரண்டு கைகள் உள்ளே போக வேண்டும். இரண்டு கண்களுக்கு உள்ளே தெரிய வேண்டும். வெளிச்சமும் விழ வேண்டும். நோயாளி அநுபவித்த வேதனையில் பெரும் பங்கு இப்படி வழி விடுவதற்காக ஏற்பட்டதுதான்.

மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தக்காளிக் கூடை சுமக்கிறவர்களும், மல்பரித் தழை வெட்டுகிறவர்களும், களை பறிக்கிறவர்களும் அநேகம். பெரிய காயம் பட்ட வயிற்றோடு ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது என்பது வைத்தியர் கட்டளை. மாதச் சம்பளக்காரனுக்கு அது லீவு. கூலிக்காரிக்கு அது பட்டினி. சிறு துவாரத்தின் வழியாகச் சிகிச்சை செய்துகொண்டவள் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தன் வேலையைப் பார்க்கப் புறப்பட்டுவிடுகிறாள். ஆகவே, காயத்தின் நீளம் என்பது அழகைப் பற்றிய விஷயமல்ல. அடுப்பு எரிவதைப் பற்றிய விஷயம்.

முதலில் கண் உள்ளே போயிற்று

மனிதனுடைய வயிற்றுக்குள்ளே ஒரு குழாயைச் செலுத்தி முதன் முதலில் எட்டிப் பார்த்தவர் ஸ்வீடன் தேசத்து ஜாகோபேயஸ் என்னும் வைத்தியர், 1910-ம் வருஷம். பார்ப்பதோடு நின்றுவிடாமல் குழாய் வழியாகவே குடல்வாலை அறுத்து எடுத்தவர் ஜெர்மனியிலுள்ள கீல் நகரத்து குர்ட் ஸெம், அது 1980-ல். அவருக்குக் கிடைத்த சன்மானம் என்ன தெரியுமா? அவருடைய வைத்திய லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அந்நாட்டு ரண வைத்தியப் பெரியார்கள் வாதித்தார்கள். 1985-ல் எரிக் மூஹே என்னும் மற்றொரு ஜெர்மானியர் இதே வழியில் பித்தப்பையை எடுத்தார். அவரையும் அப்போது மதிப்பார் இல்லை.

நமது தேசம் இதில் அதிகம் பின்தங்கிவிடவில்லை. 1990-ம் வருஷத்திலேயே பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா இம்முறையில் பித்தப்பையை எடுத்தார். இந்தியாவில் அதுவே முதல் தடவை. ஜே.ஜே. ஆஸ்பத்திரி ஏழைகள் போகிற சர்க்கார் ஆஸ்பத்திரி என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

கோயமுத்தூரில் ‘ஜெம்’ ஆஸ்பத்திரியை ஸ்தாபித்த டாக்டர் சி. பழனிவேலுவைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியாது. இளமையில் மலேசியாவில் கூலி வேலை செய்து, பிறகு தாய்நாடு திரும்பிப் படித்து டாக்டரானவர் அவர். உணவுக் குழாயில் புற்றுநோய் வந்தவர்களுக்கு மார்பைப் பிளந்துதான் சிகிச்சை செய்வார்கள். சிறு துவாரங்களின் வழியாக அதைச் செய்யும்போது நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தார் பழனிவேலு. அப்படிப் படுத்தால் நுரையீரல் தன் பாரத்தினாலேயே முன்புறமாகச் சரிந்து, முதுகெலும்பை ஒட்டியுள்ள உணவுக் குழாயைக் காட்டிக் கொடுத்துவிடும். 130 நோயாளிகளுக்கு இவ்விதம் செய்த அநுபவத்தை 2006-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். புது யந்திரம் எதையும் வாங்காமல், பூமியின் ஆகர்ஷண சக்தியையே ஒரு உதவியாளாக வைத்துக் கொண்டது எவ்வளவு சாமர்த்தியம்!

வயிற்றுக்குள் இடம் எப்படி உண்டாக்குகிறார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கரியமிலவாயுவைச் செலுத்தி, வயிற்றைக் கூடாரம் போல் உயர்த்துகிறார்கள். ஏன் கரியமிலவாயு? உள்ளே மின்சாரத்தினால் ரத்தக் குழாய்களைச் சுட்டு மூடும்போது அது தீப்பற்றாது. மிச்சம் இருப்பதும் ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியே போய்விடும்.

பிறகு கை போயிற்று

கண் உள்ளே போய்விட்டது. ஆனால் கை வெளியே நின்றுவிட்டது. ஒரு முழ நீளமுள்ள குச்சியின் நுனியில் கத்தரிக்கோலைக் கட்டிக்கொண்டு, கதவிலுள்ள ஓட்டை வழியாக அடுத்த அறையில் பூத்தொடுக்க முயன்றால் எப்படி இருக்கும்? அதுதான் இந்த முறையிலுள்ள சிரமம். துவாரமே ஏற்றத்தின் அச்சுப் போல் அமைந்துவிடுவதால், கையை வலப்புறம் அசைத்தால் உள்ளேயுள்ள நுனி இடப்புறம் போகும். குச்சிக்கு மணிக்கட்டு கிடையாது. கையில் சிறிது நடுக்கம் இருந்தால் நுனியில் அது பெருகித் தோன்றும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ‘ரோபோ’. 1920-ல் செக் நாட்டு நாடகாசிரியர் காரல் சாபெக் எழுதிய ஒரு நாடகத்தில் பிறந்த சொல் அது. கட்டாய ஊழியம் என்று பொருள்படும் செக் வார்த்தையிலிருந்து உண்டாயிற்று. பெயருக்கு ஏற்றபடி, ஆஸ்பத்திரியில் இருக்கும் ரோபோவும் சொன்னதைச் செய்யும் ஊழியன்தான். அது தானாகவே நோயாளியை அறுத்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் உபயோகத்தில் இருக்கும் யந்திரங்களுக்குச் சுயபுத்தி கிடையாது. டாக்டர் அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, பல மடங்கு பெரிதாக்கப்பட்ட படத்தைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். நோயாளியின் அருகே நிற்கும் யந்திரக் கைகள் அந்த அசைவை அப்படியே, ஆனால் சுருக்கி, உள்ளே செய்கின்றன. டாக்டருடைய கை மூன்று அங்குலம் நகர்ந்தால் உள்ளே நுனி ஓர் அங்குலம் நகரும்படி வைத்துக் கொள்ளலாம். நடுக்கத்தை யந்திரம் வடிகட்டிவிடும். உள்ளே போகும் கருவி 8 மில்லிமீட்டர் பருமன். அதாவது அரை விரற்கடை. அதன் நுனியில், மெல்லிய கம்பி வடங்களால் இழுக்கப்படும் ஒரு குட்டி மணிக்கட்டு! பொம்மலாட்டக்காரன் நூலை இழுத்துப் பொம்மையின் கையை மடக்குகிற அதே தத்துவந்தான்.

‘டாவின்சி’ என்னும் அமெரிக்க யந்திரம் 2000-ம் வருஷத்தில் அந்நாட்டுச் சர்க்காரின் அநுமதி பெற்றது. வெகு காலம் இத்துறையில் அதற்குப் போட்டியே இல்லாமலிருந்தது. போட்டியில்லாத இடத்தில் விலை எப்படியிருக்கும் என்று குடும்ப ஸ்திரீகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யந்திரத்தின் விலை ஒரு பக்கம். அதன் கருவிகள் இத்தனை தடவைக்கு மேல் வேலை செய்யாதபடி உள்ளேயே கணக்கு வைத்திருப்பது மற்றொரு பக்கம்.

தமிழ் நாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு முதன் முதலாக ரோபோ வந்தது 2022 மார்ச்சில்; சென்னை ஓமந்தூரார் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு. செலவு சுமார் 35 கோடி ரூபாய். சட்டசபைக்கென்று கட்டப்பட்டுப் பின்னர் ஆஸ்பத்திரியாக மாறிய கட்டடம் அது. சட்டசபையில் கை தூக்குவதைக் காட்டிலும் உபயோகமான காரியத்தை அங்கே யந்திரக் கைகள் செய்து வருகின்றன என்று யாராவது சொன்னால், அதற்கு நான் ஜவாப்தாரியல்ல.

அதே 2022-ல் சுதேசி ரோபோ ஒன்றும் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் ‘மந்திரா’. அமெரிக்காவில் பல வருஷம் இருதய சிகிச்சை செய்துவந்த டாக்டர் சுதிர் ஸ்ரீவாஸ்தவா தாய்நாட்டுக்குத் திரும்பி, டில்லியை அடுத்த குருகிராமத்தில் ஏற்படுத்திய கம்பெனி அதைத் தயாரிக்கிறது. 2025 ஜனவரியில் குருகிராமத்தில் டாக்டர் உட்கார்ந்திருக்க, 286 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஜெய்ப்பூரில் நோயாளிக்கு இருதய சிகிச்சை நடந்தது. கை அசைவு அங்கே போய்ச் சேர ஆன தாமதம் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு உட்பட்டது. இதற்கு வழிகாட்டியது 2001 செப்டம்பரில் நடந்த சிகிச்சை. அன்று டாக்டர் மாரஸ்கோ நியூயார்க்கில் இருந்தார். நோயாளி அட்லாண்டிக் மகா சமுத்திரத்துக்கு அப்பால், பிரெஞ்சு தேசத்து ஸ்டிராஸ்பூர்க்கில் இருந்தாள். அவளுடைய பித்தப்பை வெளியே வந்தது.

தர்மபுரியில் படுத்திருக்கும் நோயாளிக்குச் சென்னையிலுள்ள நிபுணர் சிகிச்சை செய்யும் காலம் வரலாம். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. கம்பித் தொடர்பு அறுந்து போனால், பக்கத்தில் நிற்கிறவர் உடனே வயிற்றைத் திறந்து வேலையை முடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தூரத்து டாக்டர் வந்துவிட்டார் என்பதற்காக உள்ளூர் டாக்டர் பதவியைக் காலியாக வைக்க முடியாது.

இப்போது யந்திரமே உள்ளே போகிறது

மேலே சொன்ன யந்திரங்கள் பல நூறு கிலோ எடையுள்ளவை. அவற்றுக்கென்று தனி அறையே வேண்டும். இவற்றைச் சுருக்க முடியாதா என்பது அடுத்த கேள்வி.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்து ஷேன் ஃபாரிட்டர் என்னும் எஞ்சினீயரும் டிமிட்ரி ஒலெய்னிகோவ் என்னும் ரண வைத்தியரும் சேர்ந்து ‘மீரா’ என்ற சிறு ரோபோவை உண்டாக்கினார்கள். நமது பக்த மீராவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதன் எடை ஒரு கிலோவுக்குக் குறைவு. ஒரே துவாரத்தின் வழியாக இரண்டு குட்டிக் கைகளும் உள்ளே போய்விடும். பெருங்குடல் சிகிச்சைக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்கச் சர்க்கார் அதை அநுமதித்தது. அதே மாதத்தில், பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் அதை வைத்து, கீழே நெப்ராஸ்காவில் இருந்தபடி டாக்டர்கள் இயக்கிப் பார்த்தார்கள். அறுத்தது மனிதச் சதையை அல்ல. இழுத்துக் கட்டிய ரப்பர் வளையங்களைத்தான். கட்டளை போய்ச் சேருவதற்கு அரை விநாடிக்கு மேல் தாமதமாகியும் அறுவை பிசகவில்லை.

இன்னும் சிறிய யந்திரங்களும் உண்டு. 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் பருமனும் உள்ள ஒரு மாத்திரை. அதற்குள்ளே காமிரா, விளக்கு, பாட்டரி எல்லாம் இருக்கின்றன. 2001-ல் இது அநுமதி பெற்றது. விழுங்கிவிட்டு இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டிக் கொண்டால், சுமார் எட்டு மணி நேரத்தில் ஐம்பதினாயிரம் படங்கள் எடுத்து அனுப்பிவிட்டு, வந்த காரியம் முடிந்ததென்று இயற்கையான வழியில் போய்விடும். வாய் வழியாகவும் எட்டாமல், கீழ் வழியாகவும் எட்டாமல், நடுவே சுமார் இருபது அடி நீளம் சுருண்டு கிடக்கும் சிறு குடலின் சமாசாரங்களை இப்படித்தான் வெட்டாமல் அறிய முடிந்தது. ஆனால் இந்த மாத்திரை பார்க்குமே தவிர ஒன்றும் செய்யாது. குடல் தள்ளுகிற பக்கம் போகும். ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் யாத்திரிகரைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

வேலையும் செய்கிற மிகச் சிறிய யந்திரத்துக்கு நாம் தூர தேசம் போக வேண்டாம். நம் ஊர் ஸ்டேஷனில் வடக்கே போகும் ரயிலில் ஏறினால் ராயக்கோட்டை, ஓசூரைத் தாண்டி அந்த ஊர் வந்துவிடும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் என்னும் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளைச் செய்திருக்கிறார்கள். மணலின் சாரமான சிலிக்காவினால் ஆன திருகாணி; மேலே இரும்புப் பூச்சு. காந்த சக்தியைச் சுழற்றினால் திருகாணியும் சுழன்று முன்னேறும்.

ஏன் திருகாணி? மீனைப் போல் வாலை ஆட்டினால் போதாதா? போதாது. அவ்வளவு சிறிய உருவத்துக்குத் தண்ணீரும் பாகாகத் தோன்றும். நாம் வெல்லப் பாகு நிறைந்த கொப்பரையில் விழுந்தோமானால், காலை ஓர் உதை உதைத்துவிட்டு மிதந்து செல்ல முடியாது. உதைப்பதை நிறுத்திய அந்த க்ஷணமே நின்றுவிடுவோம். முன்னும் பின்னுமாக ஒரே விதமாக அசைத்தால், முன்னே போன தூரம் பின்னே வந்துவிடும். அதனால்தான் பல நுண்ணிய கிருமிகள் நீந்துவதற்குத் திருகு போன்ற வாலை இயற்கை அளித்திருக்கிறது. பெங்களூர்க்காரர்கள் கிருமியின் வித்தையைக் கற்றுக் கிருமியையே கொல்லப் புறப்பட்டார்கள்.

பல்லின் வேருக்குச் சிகிச்சை செய்த பிறகும் சிலருக்கு வலி திரும்ப வருவதுண்டு. பல்லுக்குள்ளே தலைமயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் கிருமிகள் ஒளிந்து கொள்கின்றன. மருந்து அங்கே எட்டுவதில்லை. ஏற்கனவே உள்ள முறைகள் 0.8 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். பிடுங்கி எடுத்த பற்களில் செய்த சோதனையில் இந்தத் திருகாணிகள் 2 மில்லிமீட்டர் ஆழம் வரை போயின. காந்த சக்தியால் சூடேறிக் கிருமிகளைக் கொன்றன. பிறகு காந்தத்தாலேயே வெளியே இழுக்கப்பட்டன. 2022-ல் இந்தச் செய்தி வெளியாயிற்று. சோதனைச் சாலையில் நடந்ததை உடனே பல் டாக்டரிடம் போய்க் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பாட்டியின் கேள்விக்குப் பதில்

இவ்வளவையும் படித்தவர்கள், “ஆகையால் துவாரம் சிறிதாக இருந்தால் எப்போதும் நல்லது” என்று தீர்மானித்துவிடக் கூடும். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் நமது தாய்மாரை அதிகமாக வாட்டும் வியாதிகளில் ஒன்று. ஆரம்ப நிலையில் உள்ள 631 பெண்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய முறையில் வயிற்றைத் திறந்தும், மறு பாதிக்குச் சிறு துவாரத்தின் வழியாகவும் சிகிச்சை செய்து பார்த்தார்கள். சிறு துவார முறையில் சிலருக்கு ரோபோவும் உபயோகிக்கப்பட்டது. 2018-ல் முடிவு வெளிவந்தது. நாலரை வருஷம் கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள், திறந்து செய்தவர்களில் நூற்றுக்கு 96.5, சிறு துவாரத்தில் 86. காயம் சிறியதுதான், வீடு திரும்பியதும் சீக்கிரந்தான், ஆனால் வியாதி திரும்பியதும் அவர்களுக்குத்தான் அதிகம். உலகெங்கும் டாக்டர்கள் இந்த வியாதிக்கு மறுபடியும் பெரிய காயத்துக்கே திரும்பினார்கள். தவறு என்று தெரிந்ததும் வந்த வழியே திரும்பி நடக்கிற தைரியமும் விஞ்ஞானத்தைச் சேர்ந்ததுதான்.

மலக்குடல் புற்றுநோயில் ரோபோவையும் சாதாரணக் குழாய் முறையையும் பத்து தேசங்களில் 471 நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். நடுவிலே முறையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க நேர்ந்தது குழாய் முறையில் நூற்றுக்கு 12.2, ரோபோ முறையில் 8.1. வித்தியாசம் இருக்கிறதே என்பீர்கள். அது தற்செயலாகவும் ஏற்படக் கூடிய அளவுதான் என்று 2017-ல் வெளியான முடிவு கூறிற்று. இடுப்பெலும்புக் கூட்டின் ஆழத்தில், கை திரும்ப இடமில்லாத புராஸ்டேட் சுரப்பி போன்ற இடங்களில் ரோபோவின் மணிக்கட்டு டாக்டருக்குப் பெரிய சௌகரியம். சாதாரணப் பித்தப்பைக்கு அது பட்டணத்துக்குப் போக யானை ஏறுவது போல். போய்ச் சேரலாம், ஆனால் பஸ் இருக்கிறதே!

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவனுடைய தாயாருக்குப் பித்தப்பையில் கல். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், “ரோபோவினால் செய்துவிடலாம், வலியே தெரியாது” என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். அந்தத் தொகைக்கு வீட்டிலிருந்த இரண்டு கறவை மாடுகளையும் விற்று, மேற்கொண்டு கடனும் வாங்க வேண்டும். மாட்டுத் தரகனைக்கூட வரச் சொல்லிவிட்டார்கள். நல்ல வேளையாக, பையன் வந்து விசாரித்தான். கடைசியில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் சாதாரணக் குழாய் முறையிலேயே சிகிச்சை நடந்தது. நாலு சிறு துவாரம். அடுத்த மாதம் அந்த அம்மாள் அதே மாடுகளிடம் பால் கறந்து கொண்டிருந்தாள்.

ஆகவே குடும்பத்தினர் டாக்டரிடம் மரியாதையாக, ஆனால் கூசாமல், நாலு கேள்வி கேட்க வேண்டும். இந்த வியாதிக்கு ரோபோவினால் குழாய் முறையைவிட என்ன அதிக நன்மை? தங்கள் கையால் இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள்? நடுவில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதற்கு ஏற்பாடு உண்டா? எல்லாம் சேர்ந்து மொத்தச் செலவு எவ்வளவு? நல்ல டாக்டர் இவற்றுக்குக் கோபித்துக் கொள்ள மாட்டார். கோபித்துக் கொண்டால், அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டாவது கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது. சுசுருதர் தமது நூலில் ரண சிகிச்சைக்குரிய மழுங்கிய கருவிகளை நூற்றொன்று என்று கணக்கிட்டு, அவற்றுள் கையே பிரதானமான கருவி என்று வைத்திருக்கிறார். கையில்லாமல் மற்ற எந்தக் கருவியும் வேலை செய்யாது என்பது அதற்கு அவர் கூறும் காரணம். மாணாக்கர்கள் மனிதர்மேல் கத்தி வைக்குமுன் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் அறுத்துப் பழக வேண்டும் என்றும் விதித்திருக்கிறார். இன்றைய ரோபோ டாக்டர்களும் மனிதரிடம் வருமுன் திரையில் தோன்றும் பொய் வயிற்றில் மணிக்கணக்காகப் பழகுகிறார்கள். பூசணிக்காய்க்குப் பதில் படம். மற்றபடி பாடத்திட்டம் மாறவில்லை.

அடுத்த தடவை பாட்டி, “எவ்வளவு நீளம் கிழிப்பார்கள்?” என்று கேட்டால், அவளுக்குத் தக்க பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, “யார் கை?” என்பதையும் அவளையே கேட்கச் சொல்லுங்கள். டாக்டர்கள் பாட்டிக்குத்தான் பயப்படுவார்கள்.